மலைமேல் கணிப்பொறி, அடிவாரத்தில் திரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறுகிறவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மேலே ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில், ஒரு வீட்டில், கைக்கடக்கமான ஒரு கணிப்பொறி இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மிளகு, காப்பி வரவு செலவும், குடும்பப் புகைப்படங்களும், மழைமானியின் அன்றாட அளவுகளும் அதில் சேமிக்கப்படுகின்றன. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் வேலை. அங்கிருந்தபடியே மலைமேலுள்ள கணிப்பொறியின் திரையைத் தம் மடிக்கணினிக்கு வரவழைத்து, எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலவே அதை இயக்குகிறார். ஒரு நாள் திரை வரவில்லை. அல்லது வருகிறது, ஆனால் ஒரே கறுப்பு. என்ன கோளாறு? மலையேறாமல் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

இத்தகைய கணிப்பொறிக்குச் 'சர்வர்' என்று பெயர். நம் ஊரில் சர்வர் என்றால் ஓட்டலில் சாம்பார் ஊற்றுபவர்தாம் நினைவுக்கு வருவார். ஒப்புமை பொருத்தமானதே. கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதுதான் இருவருக்கும் வேலை. சமையலறை எங்கே இருக்கிறது என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இலையில் ஒன்றும் விழாதபோது அதை அறிந்துதான் ஆக வேண்டும்.

தொலைவிலுள்ள திரை வராமல் போவதற்கான காரணங்கள் பல. அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, அவை எப்படி வந்து சேர்ந்தன என்று அறிவது எளிது. ஏனெனில் ஒவ்வொரு கோளாறும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் ஆய்வகத்தில், வேறொரு நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட முடிவின் எச்சம்.

கதை 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் தொடங்குகிறது எனலாம். சான் பிரான்சிஸ்கோ நகர அரங்கு ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியை இயக்கிக் காட்டினார். இன்று நம் மேசைகளில் இருக்கும் 'மவுஸ்' அன்றுதான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆனால் நம் கதைக்கு வேண்டியது மவுஸ் அன்று. அவர் இயக்கிய கணிப்பொறி அந்த அரங்கிலேயே இல்லை! அது ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க் என்னும் ஊரில் இருந்தது. அவருடைய விரலசைவுகள் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் மூலம் அங்கே போயின. திரைக் காட்சி மட்டும் நுண்ணலைக் கோபுரங்கள் வழியே தொலைக்காட்சிப் படமாகத் திரும்பி வந்தது. போகும் வழி ஒற்றையடிப்பாதை; வரும் வழி ராஜபாட்டை. விரலசைவுக்குச் சில எழுத்துகள் போதும். படத்துக்கோ பெரிய வழி வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு இன்றுவரை மாறவில்லை.

அடுத்த பெரிய அடி 1984இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 'அதீனா' என்ற திட்டம் நடந்துகொண்டிருந்தது. வளாகம் முழுவதும் பல கம்பெனிகளின் கணிப்பொறிகள். மாணவன் எதன் முன் உட்கார்ந்தாலும் எந்தக் கணிப்பொறியின் நிரலையும் திரையில் காண வேண்டும். இதற்காக ராபர்ட் ஷைஃப்ளர் ஒரு முறையை வகுத்தார். ஜிம் கெட்டிஸ் உடன் உழைத்தார். அதற்கு முன் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த 'டபிள்யூ' என்ற முறையை அடியொற்றியது ஆகையால், ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்த எழுத்தான 'எக்ஸ்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். 1987இல் வெளிவந்த அதன் பதினொன்றாம் பதிப்புதான் லினக்ஸ் கணிப்பொறிகளில் பல்லாண்டுகள் கோலோச்சியது.

எக்ஸ் முறையில் படம் அனுப்பப்படுவதில்லை. 'இங்கே ஒரு கோடு போடு, அங்கே இந்தச் சொற்களை எழுது' என்ற கட்டளைகளே அனுப்பப்படுகின்றன. வரைவது நம் முன்னுள்ள கணிப்பொறியின் வேலை. எனவே எக்ஸின் மொழியில் 'சர்வர்' என்பது நம் மேசைமேல் உள்ளது. தொலைவில் ஓடும் நிரலோ அதன் வாடிக்கையாளர்! புதிதாகக் கற்பவரை முதல் நாளே குழப்பும் தலைகீழ் வழக்கு இது. இதை அறியாமல் எந்தக் கணிப்பொறியில் எதை நிறுவுவது என்று தடுமாறுகிறவர்கள் இன்றும் ஏராளம்.

ஒரே கட்டடத்துக்குள் இம்முறை அருமையாக வேலை செய்தது. தூரம் கூடியதும் தவித்தது. எக்ஸுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் அதிகம். 'இந்த எழுத்துரு உண்டா? இந்த நிறம் உண்டா?' என்று கேட்டு, பதில் வந்தபின்தான் பல நிரல்கள் அடுத்த அடி வைக்கும். நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு செய்தி ஏறி இறங்க ஏறக்குறைய கால் விநாடி ஆகும். பதிலும் வர அரை விநாடி. நூறு கேள்விகள் என்றால் முக்கால் நிமிடத்துக்கும் மேல் வெறுமனே காத்திருக்க வேண்டும். கம்பியின் அகலத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒளியின் வேகத்தை யாரும் கூட்ட முடியாது.

இந்தத் தாமதத்தோடு வாழக் கற்றவர்கள் நம் நாட்டிலும் உண்டு. லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்டது. 2001 ஜூன் முதல் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோசக்கோட்டையிலிருந்து, இன்சாட்-3பி செயற்கைக்கோள் வழியாக, அதை இயக்கத் தொடங்கினார்கள். மூச்சுத் திணறும் குளிர்மலையில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய வானியலறிஞர் சமவெளி அறையில் உட்கார்ந்து வேலை செய்யலானார். தொலைநோக்கியை ஓரிடத்துக்குத் திருப்பிவிட்டுப் பல நிமிடங்கள் காத்திருக்கும் வேலைக்கு அரை விநாடி ஒரு பொருட்டன்று. மவுஸை நகர்த்தி அம்புக்குறி எப்போது நகரும் என்று பார்த்திருப்பவருக்குத்தான் அது யுகம்.

மூன்றாவது வழி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோன்றியது. அங்கே ஒலிவெட்டி ஆய்வகத்தில் ட்ரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், கென்னெத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகியோர் உருவாக்கிய முறை 1998இல் 'வி.என்.சி.' என்ற பெயரில் வெளியாயிற்று. (இவர்களுள் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, காப்பி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க வழிசெய்த இருவரில் ஒருவர். நாற்காலியை விட்டு எழாமலிருப்பதற்கான ஆராய்ச்சி என்று கேலி செய்யலாம். அதில்தான் எத்தனை நன்மைகள் விளைந்தன!) வி.என்.சி.யின் அடிப்படை ஒரே வரி: இந்தப் புள்ளியில் தொடங்கி, இவ்வளவு அகலமும் உயரமும் உள்ள ஒரு செவ்வகத்தை இந்த நிறப்புள்ளிகளால் நிரப்பு. அவ்வளவே. கோடு, எழுத்து, எழுத்துரு என்ற பேச்சே இல்லை. எந்தக் கணிப்பொறியின் திரையும் எந்தக் கணிப்பொறியிலும் தெரியும்.

ஆனால் புள்ளிகளுக்கு எடை உண்டு. 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையை, புள்ளிக்கு 16 பிட் வீதம், அன்றைய 56 கிலோபிட் மோடத்தில் அப்படியே அனுப்பினால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். அதனால் மாறிய செவ்வகத்தை மட்டும், சுருக்கி, அனுப்புகிறார்கள். அதே 1998இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் விண்டோஸ் என்.டி.யின் ஒரு பதிப்பில் 'ஆர்.டி.பி.' என்ற முறையைக் கொண்டுவந்தது. இது வரைகட்டளை, படம் இரண்டையும் கலந்து அனுப்புவது.

எக்ஸிலும் வி.என்.சி.யிலும் திரைகளுக்கு எண் உண்டு. வி.என்.சி.யில் 5900ஆம் போர்ட் எண்ணோடு திரையின் எண்ணைக் கூட்ட வேண்டும். முதல் திரை 5901இல் காத்திருக்க, 5900இல் தட்டினால் யார் திறப்பார்? இன்னொன்று: பல கணிப்பொறிகள், திரை எதுவும் செருகப்படவில்லை என்றால் காட்சியை வரையவே வரையா. இல்லாத படத்தை வி.என்.சி. எங்கிருந்து எடுத்து அனுப்பும்? அதனால் கறுப்பு. திரை இருப்பதாகக் கணிப்பொறியை நம்பவைக்கும் போலிச் செருகி ஒன்று கடைகளில் விற்பது இதற்காகத்தான். சாம்பல் நிறப் பரப்பும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் மட்டும் தெரிந்தால் பொருள் வேறு. திரை பிறந்துவிட்டது, ஆனால் அதில் மேசைக் காட்சியைத் தொடங்கும்படி யாரும் கட்டளையிடவில்லை.

இவற்றோடு புதிய தலைவலி ஒன்றும் சேர்ந்தது. எக்ஸ் முறையில் ஒரு நிரல் மற்றொரு நிரலின் சாளரத்தை எட்டிப் பார்க்க முடியும். பாதுகாப்புக்கு அது கேடு. 2008இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய 'வேலாண்ட்' என்ற முறை அந்தச் சன்னலை அடைத்தது. திருடனுக்கு அடைத்த சன்னல் நண்பனுக்கும் அடைபட்டது. திரையை எடுத்து அனுப்பும் பழைய நிரல்கள் செயலிழந்தன. 2023 அக்டோபரில் சிறு கணிப்பொறியான ராஸ்பெரி பையின் இயங்குதளம் வேலாண்டுக்கு மாறியபோது, அதுவரை பலர் பயன்படுத்திவந்த வி.என்.சி. நிரல் அதில் வேலை செய்யவில்லை. வேறொரு நிரலுக்கு மாற வேண்டியதாயிற்று. நேற்றுவரை வந்த திரை, புதுப்பித்த மறுநாள் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டும் வாசலும்

படத்தை அனுப்பக் கற்றாயிற்று. யாரை உள்ளே விடுவது? 1995இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக் கேட்டுச் சேகரித்தார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் மனம் நொந்து, எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் 'எஸ்.எஸ்.எச்.' என்ற முறையை எழுதி, அவ்வாண்டே இலவசமாக வெளியிட்டார். அது எழுத்துகள் மட்டுமே போகும் வழி. ஆயினும் அதற்குள் வேறெந்தப் போக்குவரத்தையும் மறைத்துக் கொண்டுசெல்லலாம், சுரங்கவழி போல. பழைய வி.என்.சி.யின் கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளுக்குத்தான் மதிப்பு. அதன் படமும் மறைகுறியின்றியே போகும். எனவே அதை எஸ்.எஸ்.எச். சுரங்கத்துக்குள் அனுப்புவதே அறிவுடைமை. திரை வரவில்லையே என்ற எரிச்சலில் ரூட்டரின் வாசல்களையெல்லாம் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆர்.டி.பி. முறையில் 2019 மே மாதம் வெளிப்பட்ட ஓட்டை ஒன்று, கடவுச்சொல்லே இல்லாமல் அன்னியரை உள்ளே விடக் கூடியதாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் தான் கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட அப்போது மருந்து அனுப்ப நேர்ந்தது.

இனி வாசல். இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணிப்பொறிகளை மறைத்து வைக்கும் முறை 1994இல் முன்மொழியப்பட்டது. வீட்டு ரூட்டர் செய்வது இதுதான். பெரிய குடியிருப்பின் கதவு எண் மட்டும் தபால்காரருக்குத் தெரியும், உள்ளே எந்த அறை என்று காவலாளிக்கு மட்டுமே தெரியும் என்பது போல. உள்ளேயிருந்து வெளியே போகத் தடையில்லை. வெளியேயிருந்து அழைப்பின்றி வர வழியில்லை. 2012இல் இன்னொரு படி. இணையக் கம்பெனிகளே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரை ஒரு முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்கென்று 100.64 என்று தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. கைபேசிக் கோபுரத்தின் வழியே இணையம் பெறும் மலைவீடு பெரும்பாலும் இந்த இரட்டைத் திரைக்குப் பின்னால்தான் இருக்கும். ரூட்டரில் எதைத் திறந்தும் பயனில்லை. அடைபட்டிருப்பது வீட்டுக் கதவன்று, தெருக் கதவு.

தேனி தந்த பாடம்

வாசல் அடைபட்டால் என்ன செய்வது? இதற்கு விடை தேடியவர்கள் தமிழ்நாட்டிலேயே வேலை செய்திருக்கிறார்கள்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1985 முதல் தேனியில் ஒரு கிளை உண்டு. கண் மருத்துவர் இல்லாத ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் சிறு பார்வை மையங்களை அமைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைச் சோதிக்க, தேனி மருத்துவர் திரை வழியே பேசி முடிவு சொல்வது என்று திட்டமிட்டார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் வழிநடத்திய ஆய்வுக் குழு, இன்டெல் ஆய்வகத்தின் துணையோடு, இதற்கான கம்பியில்லா இணைப்பை அமைத்தது. 2006 ஜூனில் ஐந்து மையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

பயன்படுத்தியது வீட்டு வை-ஃபை கருவிகளைத்தான். வை-ஃபை ஒவ்வொரு துண்டுச் செய்தியையும் அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோ விநாடிகளே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் தூரம் போய்வர ஒளிக்கே 100 மைக்ரோ விநாடி வேண்டும். பதில் வருமுன்பே 'தொலைந்தது' என்று முடிவுகட்டி மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் அந்த விதியை மாற்றி, இருபுறமும் முறைவைத்துப் பேசும்படி செய்தனர். 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களிலும், ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கியிலும்கூட ஆண்டெனாக்கள் ஏறின.

கருவி வேலை செய்தது. அதை வேலை செய்யவைத்துக்கொண்டே இருப்பதுதான் பாடாகிவிட்டது. கோளாறு தேனியில், அதைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் பெர்க்லியில். இணைப்பு அறுந்தால், அதைச் சரிசெய்ய உள்ளே நுழைய வேண்டிய வழியும் அதே இணைப்புத்தான்! கிணற்றில் விழுந்த வாளிக்குள்ளேயே கயிறும் கிடப்பது போன்ற நிலை. 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை, இத்தகைய திட்டங்கள் ஏன் முன்னோட்டத்தோடு நின்றுவிடுகின்றன என்பதைத்தான் ஆராய்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு வியப்பளித்தது, பழுதுகளில் பெரும்பகுதி கணிப்பொறி விஞ்ஞானத்தைச் சேர்ந்ததே அன்று என்பதுதான். முதல் எதிரி மின்சாரம். கிராமத்து மின்னழுத்தம் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதையும் 350 வோல்ட்டுக்கு மேலே ஏறுவதையும் அளந்தார்கள். முழுதாக அணைந்தாலும் தேவலை. பாதி அழுத்தத்தில் ரூட்டர் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்று உறைந்துவிடும். திடீர் மின்வெட்டில் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தது சிதைந்து, மறுபடி எழவே மறுக்கும்.

அவர்கள் கண்ட தீர்வுகள் எளியவை. அழுத்தம் குறைந்தால் மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிடும் சுற்று. நிரல் உறைந்தால் தானே அணைத்து ஏற்றும் 'வாட்ச்டாக்' என்னும் காவல் கருவி. நினைவகத்தைப் படிக்க மட்டும் அனுமதித்து எழுதத் தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெர்க்லியிலிருந்து உள்ளே நுழைய முயல்வதை விட்டுவிட்டு, தேனிக் கருவியே வெளியே போய்ப் பெர்க்லிக் கணிப்பொறியின் கதவைத் தட்டி, எஸ்.எஸ்.எச். சுரங்கம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும்படி செய்தார்கள். உள்ளேயிருந்து வெளியே போகத்தான் தடையில்லையே! அந்தச் சுரங்கத்தின் வழியே பொறியாளர் எதிர்த்திசையில் நுழையலாம். முதன்மை இணைப்பு அறுந்தாலும் செய்தி வர, கைபேசி வலை வழியே இரண்டாவது வழி ஒன்றும் வேண்டும் என்று கண்டார்கள். இரண்டாம் வழிக்கு வேகம் வேண்டியதில்லை. கருவி உயிரோடு இருக்கிறதா என்று சொன்னால் போதும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மின்சாரம் போனதும், வழி அறுந்ததும், கருவி செத்ததும் ஒன்று போலத்தான் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நாளடைவில் உள்ளூர்ப் பணியாளர்களே பல பழுதுகளைப் பார்த்துக்கொள்ளவும் பழகினார்கள்.

அந்த ஆய்வுரை வெளிவந்த காலத்தில் மாதம் 3,000 கிராமத்து நோயாளிகள் இந்த இணைப்பின் வழியே மருத்துவரைக் கண்டுகொண்டிருந்தார்கள். மையத்தின் திரை கறுத்துப் போனால் கண் சிவந்து வந்த ஒருவர் பஸ் பிடித்துத் தேனிக்குப் போக வேண்டும். அல்லது அன்றைய கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

கொல்லிமலை வீட்டுக்காரர் இந்த வரிசையையே பின்பற்றலாம். பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, கணிப்பொறியில் விளக்கு எரிகிறதா என்று கேட்பது முதல் வேலை. இதற்குக் கணிப்பொறி அறிவே வேண்டாம். அடுத்து, திரையை மறந்துவிட்டு எஸ்.எஸ்.எச். வழியே எழுத்துமுறையில் நுழைந்து பார்க்க வேண்டும். அது திறந்தால் மின்சாரமும் வழியும் கணிப்பொறியும் நலம். நோய் திரையில் மட்டுமே. அப்போது திரையின் எண் சரியா, இயங்குவது எக்ஸா வேலாண்டா, நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கலாம். முன்பு ஓடிய நிரல் திடீரென்று மாண்டபோது, 'முதல் திரையில் ஆள் இருக்கிறது' என்று சொல்லும் பூட்டுக் கோப்பு ஒன்று எஞ்சிவிடுவதுண்டு; அதை நீக்கிவிட்டு நிரலை மீண்டும் தொடங்க வேண்டும். எழுத்துமுறையும் திறக்கவில்லை என்றால் ரூட்டரின் வெளிமுகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உள்ளே நுழையும் முயற்சியைக் கைவிட்டு, மலைமேலுள்ள கணிப்பொறியே ஒவ்வொரு முறை எழும்போதும் வெளியே வந்து கதவைத் தட்டும்படி ஏற்பாடு செய்ய வேண்டியதுதான். அந்த ஏற்பாட்டை மட்டும் மலைமேல் இருக்கும் நாளிலேயே செய்து, ஒரு முறை மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.